எங்க கடையில தீப்பெட்டி கெடையாதுங்க

டீக்கடைக்கு வர்றவன் டீ குடிக்கத்தான் வர்றான்னு நம்பறவங்க ஒரு நாளும் டீக்கடை வெச்சுப் பாத்திருக்க மாட்டாங்க. வேலம்பாளையத்துல பனியன் கம்பெனிகளுக்கு நடுவுல கடை போட்டிருக்கற எனக்கு அது நல்லாத் தெரியுமுங்க. கம்பெனிக்குள்ள எங்க பாத்தாலும் துணியும் பஞ்சுமாக் கெடக்கும். அங்க ஒருத்தரும் பத்த வெக்கக் கூடாது. அதனால டீ டைம் பெல் அடிச்சா ஆம்பளைங்க அத்தனை பேரும் எங்க கடை முன்னாலதான் வந்து நிப்பாங்க. டீ ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

பொகை புடிக்கற ஆம்பளையக் கட்டிக்கிட்டு, அவர் சட்டையத் தொவைக்கறப்ப மூக்கப் புடிச்சுக்கிட்டு, "ஏனுங்க, அந்தக் கெரகத்த உட்டுத் தொலைங்க"ன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போனவங்க உங்கள்ல நெறையப் பேரு இருப்பீங்க. உங்களுக்குத்தான் இதச் சொல்றேன். நானும் அப்படிக் கெஞ்சினவதான். ஒரு நாள் கெஞ்சறத நிறுத்திப்போட்டேன். பொறகு என்ன நடந்துச்சுன்னு கேளுங்க.

கயிறு

எங்க கடை வாசல்ல, பன்னு பாக்கெட் மாட்டற கம்பிக்குப் பக்கத்துல ஒரு கயிறு தொங்கும். கயித்து நுனியில ஒரு லைட்டர். எல்லாக் கடையிலயும் இருக்கறதுதான். கையில குடுத்தா ஆளோட சேந்து அதுவும் போயிரும்னு கட்டித் தொங்க உடறது. சிகரெட்ட வாங்கி வாயில வெப்பாங்க, கண்ணு ரோட்டப் பாத்துக்கிட்டிருக்கும், கை தன்னால கயித்துக்குப் போகும். கயிறு எங்கன்னு யாரும் தேடி நான் பாத்ததில்ல.

எங்கூட்டுக்காரரு பழனிச்சாமியும் அந்தக் கூட்டத்துல ஒருத்தருதான். பின்னாடி சந்துல இருக்கற நிட்டிங் கம்பெனியில, நூலைத் துணியாக்கற மெஷின் ஓட்டறாரு. பொண்டாட்டி கடைங்கறதால அவரு கேட்டு வாங்கறதுகூட இல்ல, டப்பாவுக்குள்ள கைய உட்டு அவரே எடுத்துக்குவாரு. எடுத்துட்டு என்னையப் பாத்து ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கே கன்னத்துல ரெண்டு வெக்கலாம்னு இருக்கும்.

ஒரு நாள் லைட்டர்ல கேஸ் தீந்துபோனத நான் கவனிக்கல. பக்கத்துக் கம்பெனி கட்டிங் மாஸ்டரு துரைசாமி அண்ணன் வந்து டிக்கு டிக்குன்னு அடிச்சுப் பாத்தாரு. பத்தல. அடுப்புல பத்த வெச்சுக்கிட்டு வந்து, ரொம்ப மரியாதையாச் சொன்னாரு: "டீயில சக்கரை போட மறந்தாலும் மன்னிச்சு உட்டுருவேன் அம்மிணி, லைட்டர்ல கேஸ் இல்லீன்னா நான் கடையவே மறந்துருவேன்."

நிட்டிங்காரர் நெஞ்சு

நிட்டிங் மெஷின் பக்கத்துல நீங்க நின்னு பாத்திருக்கீங்களா? தரையே லேசா அதிரும். எங்க ஊட்டுக்குப் பின்னால பொடக்காளிச் சொவுரும் அந்தக் கம்பெனிச் சொவுரும் ஒண்ணுதான். பாத்திரம் கழுவறப்பச் சொவுத்துல சாஞ்சா முதுகுல குறுகுறுன்னு ஏறும். நாள் பூரா மெஷினுக்கிட்டயே நிக்கறவங்களுக்கு, ஊட்டுக்கு வந்து படுத்த பொறகும் அந்த ஓட்டம் ஒடம்புல நிக்கும். நிட்டிங்காரங்க எல்லாரும் சொல்ற வெசயம் இது.

எங்கூட்டுக்காரரு கொஞ்ச நாளா நெஞ்சத் தடவிக்கிட்டே இருந்தாரு. "என்னங்க"ன்னு கேட்டா, "மெஷின் ஓட்டம் ஒடம்புல நிக்குது புள்ள, தூங்கினாச் செரியாயிரும்"பாரு. மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குச்சு. டீ கேனத் தூக்கினாக் கண்ண இருட்டுச்சு. அதுக்கும் மெஷின் ஓட்டந்தான். நான் சும்மா உடாம, கடைக்கு வந்த அவங்க கம்பெனி பிட்டர்கிட்ட, மெஷின் ரிப்பேர் பாக்கறவருகிட்டக் கேட்டேன். இப்படி நெஞ்சுக்குள்ள படபடங்குதாமே, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகட்டுமான்னேன். அந்த மனுசன் பொகைய ஊதிக்கிட்டே சொன்னாரு: "நிட்டிங்காரனுக்கு நெஞ்சு அதிரலீன்னாத்தான் சீக்குங்கக்கா."

போன தீவாளி நோம்பி

நோம்பி லீவுக்கு எங்கூரு எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். பீகார்க்காரங்க ரயிலேறிருவாங்க, மதுரைப் பக்கத்து ஆளுங்க பஸ்ஸேறிருவாங்க, எல்லாக் கம்பெனி கேட்டுலயும் பூட்டுத் தொங்கும். ஒரு மெஷின் ஓடாது. எப்பவும் சத்தத்துலயே கெடக்கறவங்களுக்குக் காது அடைச்ச மாதிரி இருக்கும்.

கறிச்சோறு தின்னுட்டு மத்தியானம் படுத்திருந்தாரு. திடீர்னு எந்திரிச்சு உக்காந்து, "எதோ மெஷின் ஓடுதில்ல?"ன்னாரு. "நோம்பியன்னைக்கு எவனுங்க ஓட்டறான், படுங்க"ன்னேன். அவரு படுக்கல. பொடக்காளிக்குப் போனாரு. நானும் பின்னாலயே போனேன். கம்பெனிச் சொவுத்துல ஒரு உள்ளங்கைய வெச்சுப் பாத்தாரு. இன்னொரு கைய நெஞ்சுல வெச்சாரு. கொஞ்ச நேரம் அப்படியே நின்னாரு. மூஞ்சி வெளுத்துப்போச்சு.

இத்தன நாளும் மெஷின் மேல பழியப் போட்டுக்கிட்டிருந்தோம். மெஷின் பூட்டிக் கெடக்குது. என்னையத் திரும்பிப் பாத்து மெதுவாச் சொன்னாரு: "சொவுரு நின்னுபோச்சு புள்ள. நான் நிக்கல."

டாக்டரம்மா

லீவு நாள்லயும் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில டாக்டரம்மா ஒருத்தரு இருந்தாங்க. நெஞ்சுல வயரெல்லாம் ஒட்டி இ.சி.ஜி. எடுத்தாங்க. பாத்துட்டு எங்க ரெண்டு பேரையும் உக்கார வெச்சு, பொறுமையாத்தான் சொன்னாங்க. நெஞ்சோட மேல் அறை ஒழுங்காச் சுருங்கி விரியாம நடுங்கிக்கிட்டிருக்குதாம். அப்படி நடுங்கினா ரத்தம் தேங்குமாம். தேங்கினா ஒறைஞ்சு கட்டியாகுமாம். அந்தக் கட்டி மூளைக்குப் போச்சுன்னா ஒரு பக்கம் கை காலு வராமப் போயிருமாம்.

அப்பறம் சட்டைய மோந்து பாத்த மாதிரி கேட்டாங்க, சிகரெட் உண்டான்னு. இவரு தலையக் குனிஞ்சுக்கிட்டு, "உண்டுங்க. ஆனா எனக்கு இருமலே இல்லீங்க. டப்பாவுல கூட வாயும் தொண்டையுந்தான் படம் போட்டிருக்கு, நெஞ்சு போடலீங்களே"ன்னாரு. எனக்குச் சிரிக்கறதா அழுகறதான்னு தெரியல. சிகரெட் ஒண்ணுதான் இதுக்குக் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன்னாங்க டாக்டரம்மா. வயசு இருக்குது, பிரஷர் இருக்குது, தூங்காத நைட் ஷிப்ட் இருக்குது. ஆனா பொகை புடிக்கறவங்களுக்குத் துடிப்பு இப்படித் தாறுமாறாப் போற ஆபத்து மத்தவங்களவிட எச்சாம். பத்த வெக்கற ஒவ்வொரு தடவையும் நெஞ்ச அது முடுக்கி உடுதாம். உடாம மாத்திரைய மட்டும் முழுங்கினா, மாத்திரை ஒரு பக்கம் இழுக்கும், சிகரெட் ஒரு பக்கம் இழுக்கும்னாங்க.

எங்கூட்டுக்காரரு விசுக்குன்னு நிமுந்து, "கொறைச்சுக்கறேனுங்க. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. அது போதுமுங்களா?"ன்னாரு. டாக்டரம்மா பேனாவ மூடி வெச்சுட்டுச் சொன்னாங்க: "பேரம் பேசறதுக்கு நான் சந்தையில கத்திரிக்கா விக்கலீங்க, உங்க நெஞ்சும் விக்கல."

கடையக் கழுவின நாள்

லீவு முடிஞ்சு கடை தொறந்த அன்னைக்கு, டீப்பாத்திரம் அடுப்புல ஏறறதுக்கு முந்தி, கடையில இருந்த சிகரெட் டப்பா, பீடிக்கட்டு, தீப்பெட்டி அத்தனையும் எடுத்து டம்ளர் கழுவற தண்ணி பக்கெட்டுக்குள்ள அமுக்கினேன். எங்கூட்டுக்காரரு பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருந்தாரு. "நான் உட்டுர்றேன் புள்ள, அதுக்காகக் கடையையே கெடுத்துக்கோணுமா? சிகரெட் இல்லாம எவன் வருவான்?"ன்னாரு. "வராட்டிப் போறானுங்க"ன்னேன். வாய்தான் அப்படிச் சொல்லுச்சு. அந்தக் கடையில வர்றத நம்பித்தான எங்க ஊட்டு அடுப்பே எரியுது.

சிகரெட் போடற சேல்ஸ்காரரு வண்டியில வந்து எறங்கினாரு. ஊறிப்போன பக்கெட்டப் பாத்துத் தலையில கைய வெச்சுக்கிட்டாரு. "வேண்டாம்னா எங்கிட்டத் திருப்பிக் குடுத்திருக்கலாமேக்கா"ன்னாரு. "குடுத்தா நீங்க எங்க கொண்டுபோயிப் போடுவீங்க? எதுத்த பேக்கரியில. எங்கூட்டுக்காரரு அங்க போயி வாங்குவாரு. அதுக்கு நான் எதுக்குங்க இங்க கழுவறேன்?"னு கேட்டேன். அவரு வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டுத் திரும்பிச் சொன்னாரு: "சிகரெட் இல்லாத கடைய டீக்கடைன்னு சொல்ல மாட்டாங்கக்கா, ஆஸ்பத்திரி கேண்டீன்னுதான் சொல்லுவாங்க."

கன்னுக்குட்டி மணி

லைட்டரக் கழட்டியாச்சு. கயித்த மட்டும் கழட்ட மறந்துட்டேன். மறந்ததும் நல்லதாப் போச்சு. பெல் அடிச்சுது, ஆளுங்க வந்தாங்க, "சிகரெட் இல்லீங்க"ன்னேன், "சும்மா லொள்ளு பண்ணாதீங்கக்கா"ன்னாங்க. சில பேரு பாக்கெட்டுல இருந்தத எடுத்து வாயில வெச்சாங்க. அத்தனை கையும் கயித்துக்குத்தான் போச்சு. வெறுங்கயித்தப் புடிச்சுக்கிட்டு ஒவ்வொருத்தரும் முழிச்ச முழி இருக்கே, அதப் பாத்ததும்தான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு.

மடத்துக்குளத்துல எங்கண்ணன் ஊட்டுல கன்னுக்குட்டி வளந்து, அதோட கழுத்து மணி சும்மாக் கெடந்துச்சு. அத வாங்கிட்டு வந்து கயித்து நுனியில கட்டினேன். பொறகு பாருங்க. துரைசாமி அண்ணன் டீயக் கையில வாங்கினாரு, ரோட்டப் பாத்துக்கிட்டே கயித்தப் புடிச்சாரு, கிணிங்னு அடிச்சுது. கடையே திரும்பிப் பாத்துச்சு. அவரு எதோ களவாணித்தனம் பண்ணின மாதிரி வெடுக்குன்னு கைய எடுத்தாரு. அதுக்கப்பறம் ஒருத்தர் மாத்தி ஒருத்தரு. நிமிசத்துக்கு ஒரு மணி. கோவிச்சுக்கிட்டுப் போனவங்கதான் எச்சு. எதுத்த பேக்கரிக்காரருக்கு அன்னைக்கே கூட்டம் சேந்துருச்சு.

பீகார்க்காரப் பையன் ராகேஷ், அயர்ன் பண்றவன், இங்க வந்து தமிழ் கத்துக்கிட்டவன். அவனுக்கும் கை போயி மணி அடிச்சுது. அவன் மட்டும் கோவிச்சுக்கல. கைய எடுத்து நெஞ்சுக்கு நேரா ஒரு கும்புடு போட்டுட்டுச் சொன்னான்: "அக்கா டீயும் குடுக்குது, சாமியும் கும்பிட வெக்குது."

டம்ளர்

ரெண்டு வாரத்துல கூட்டம் பாதிக்கு மேல கொறைஞ்சுது. பால் மிஞ்சும். மிஞ்சின பாலத் தயிராக்கி, தெனமும் எங்க ஊட்டுல தயிர்ச்சோறு. எங்கூட்டுக்காரரு தட்டப் பாத்துட்டு தலையக் குனிஞ்சுக்கிட்டுத் திம்பாரு. அந்தக் குனிஞ்ச தலையத்தான் என்னால பாக்க முடியல. இன்னொரு பக்கம் எங்க சொந்தக்காரங்க வேற. புருசனுக்கு மேலுக்குச் சொகமில்லாத நேரத்துல எவளாவது பொழப்பக் கெடுத்துக்குவாளாங்கறாங்க. சொகமில்லாததாலதான் செய்யறேன்னு சொன்னா யாருக்கும் காதுல ஏறலீங்க.

துரைசாமி அண்ணனுக்கு எதுத்த பேக்கரி டீ புடிக்கல. என்ன பண்ணினாருன்னா, அங்க சிகரெட் வாங்கிப் பத்த வெச்சுக்கிட்டு, ரோட்டத் தாண்டி வந்து எங்கிட்ட டீ வாங்கி, கடை வாசல்லயே நின்னு ரெண்டையும் குடிச்சாரு. பொகை நேரா கடைக்குள்ள, எங்கூட்டுக்காரரு உக்காந்திருந்த பெஞ்சுக்கு வந்துச்சு. "அண்ணா, அத முடிச்சுட்டு வாங்க"ன்னேன். "ரோட்டுல நிக்கறேன் அம்மிணி. ரோடு உன்றதா?"ன்னாரு. "ரோடு ஊரோடதுங்க. டம்ளர் என்றது"ன்னு சொல்லி, பாதி டீயோட டம்ளர அவர் கையில இருந்து வாங்கிட்டேன். தண்ணிப் பக்கெட்டுல ஊத்தினேன்.

பெரிய மனுசன், என்ற மேல கைய ஓங்கிருவாரோன்னுகூட நெனைச்சேன். ஓங்கினா ஓங்கட்டும்னுதான் நின்னேன். அவரு வெறுங்கையப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு, கடைசியில சொன்னாரு: "என்ற பொண்டாட்டிகூட எங்கையில இருந்து இப்படிப் புடுங்கினதில்ல அம்மிணி."

செக்கிங் பொண்ணுங்க

இப்படியே போனா பொங்கலுக்குள்ள கடைய மூடிருவோம்னு நானே முடிவு பண்ணியிருந்தேன். அப்பத்தான் ஒரு நாள் டீ டைம்ல ரெண்டு பொம்பளைங்க தயங்கித் தயங்கி வந்து வாசல்ல நின்னாங்க. பக்கத்துக் கம்பெனியில செக்கிங் பிரிவு, பனியன்ல ஓட்டை கறை பாக்கற வேலை. டீ குடிச்சாங்க, பெஞ்சுல உக்காந்தாங்க, பன்னு கேட்டாங்க. மறுநாளு ஆறேழு பேரு. அந்த வாரக் கடைசியில பெஞ்சுல எடமில்ல, பக்கத்துல ஒரு பலகையப் போட்டேன்.

எங்கூர்ல பனியன் கம்பெனியில வேலை செய்யறதுல பொம்பளைங்கதான் எச்சு. இத்தன நாளும் அவங்க எங்க டீ குடிச்சாங்கன்னு எனக்கு யோசனையே வரல பாருங்க. கம்பெனிக்குள்ள கேன்ல வர்ற ஆறிப்போன டீயக் குடிச்சுக்கிட்டு இருந்திருக்காங்க. அதுல ஒருத்தி செல்வி, தேனிப் பக்கத்துப் பொண்ணு, வெடுக்குன்னு பேசறவ. "ஏம்மா, பக்கத்துலயே இருந்துக்கிட்டு இத்தன நாளா வரலியே"ன்னு கேட்டேன். அவ பன்ன டீயில நனைச்சுக்கிட்டே சொன்னா: "இம்புட்டு நாளா இதப் பொகைக்கடைன்னுல நெனச்சோம், இங்கன டீயும் போடுவீகன்னு யாருக்குக்கா தெரியும்?"

வெள்ளெனக் கேட்ட சத்தம்

கடை இப்படி நிமுந்துக்கிட்டிருந்தப்பத்தான் ஒரு நாள் விடியக்காலம், நான் திரும்பி நின்னு பால் காச்சிக்கிட்டிருந்தேன். கடையில எங்கூட்டுக்காரரத் தவுத்து ஆளே இல்ல. கிணிங்னு மணி அடிச்சுது.

திரும்பிப் பாத்தேன். கயித்தப் புடிச்சிருந்தது அவரு கைதான். வாயில ஒண்ணும் இல்ல, பாக்கெட்டுல ஒண்ணும் இல்ல. ரோட்டப் பாத்துக்கிட்டு நின்னிருக்காரு, கை போயிருச்சு. எனக்கு வந்த கோவத்துல கரண்டிய வீசியிருப்பேன். ஆனா கோவத்துக்கு அடியில பயந்தான் இருந்துச்சுங்க. ஊரையே பகைச்சுக்கிட்டு, டப்பாவெல்லாம் தண்ணியில அமுக்கி, கை மட்டும் அங்கயே நிக்குதேன்னு. நைட் ஷிப்ட் போகறதில்ல, மாத்திரை தவறினதில்ல, எல்லாம் செரியா நடக்குதுன்னு நான் நெனைச்சுக்கிட்டிருந்தேன். இந்த மனுசன் உள்ளுக்குள்ள எவ்வளவு தவிக்கறாருன்னு அப்பத்தான் பாத்தேன்.

பால் பொங்கி அடுப்புல ஊத்திருச்சு. ரெண்டு பேரும் கவனிக்கல. "கழட்டிப்போடட்டுமாங்க? உங்களுக்குச் சங்கடமா இருந்தா வேண்டாம்"னு கேட்டேன். அவரு மணிய ரெண்டு வெரல்ல புடிச்சு ஆட்டம் நிக்கற வரைக்கும் வெச்சிருந்துட்டுச் சொன்னாரு: "கழட்டிராத புள்ள. அடிச்சாத்தான் கை எங்க போகுதுன்னு எனக்கே தெரியுது."

கோள் சொல்ற பொட்டி

துரைசாமி அண்ணன் கோவம் ஒரு மாசந்தான். பொறகு கைய வீசிக்கிட்டு, வாயில ஒண்ணும் இல்லாம வந்து, முன்ன நின்ன எடத்துலயே நின்னாரு. நானும் ஒண்ணும் கேக்காம டீயக் குடுத்தேன். குடிச்சுப்போட்டு எதுத்த பக்கம் போயி ஊதுவாரு. அது அவரு பாடு.

ஒரு நாள் வந்தவரு நிக்காம பெஞ்சுல உக்காந்தாரு. நெஞ்சத் தடவினாரு. "என்னண்ணா?"ன்னேன். "ஒண்ணுமில்ல அம்மிணி, நாள் பூரா கட்டிங் மெஷினப் புடிச்சு அறுக்கறமா, அந்த ஓட்டம் ஒடம்புல நிக்குது"ன்னாரு. எனக்குச் சுருக்குன்னுச்சு. அதே பேச்சு. எங்கூட்டுக்காரரும் பெஞ்சுல இருந்து எந்திரிச்சுட்டாரு. ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா, ஷிப்மெண்ட் இருக்குது, நாளைக்கு, அடுத்த வாரம்னு இழுத்தாரு. "நெஞ்சக் காட்டிட்டு வர்ற வரைக்கும் உங்களுக்கு இந்தக் கடையில டீ கெடையாது"ன்னு சொல்லிப்போட்டேன். எங்கூட்டுக்காரரு அவரை வண்டியில ஏத்திட்டு அதே டாக்டரம்மாகிட்டப் போனாரு.

அன்னைக்கு எடுத்த இ.சி.ஜி.யில ஒண்ணும் தெரியல. இது வரும் போகும், ஒரு நாள் பூராப் பாக்கோணும்னு ஒரு சின்னப் பொட்டிய வயரோட நெஞ்சுல மாட்டி அனுப்பினாங்க. துடிப்பு எப்படிப் போகுதுன்னு அது பதிஞ்சுக்கிட்டே இருக்குமாம். சட்டைக்குள்ள பொட்டியோட டீக்கு வந்த துரைசாமி அண்ணன் அன்னைக்கு எதுத்த பேக்கரிப் பக்கம் திரும்பவே இல்ல. செல்வி கூட "அண்ணே, ரோட்டத் தாண்டலியா?"ன்னு சீண்டினா. அவரு சட்டைய மெதுவாத் தட்டிக் காட்டினாரு. பொட்டிக்கு நெஞ்சு துடிக்கறதுதான் தெரியும், வாயில என்ன இருக்குதுன்னு தெரியாதுன்னு நான் சொல்லியிருக்கலாம். சொல்லுவேனா நான்? அவரு குரலத் தாழ்த்திச் சொன்னாரு: "இதக் கழட்டற வரைக்கும் ஒரு இழுப்புகூடக் கெடையாது அம்மிணி, டாக்டரம்மாகிட்டக் கோள் சொல்லிப்போடும்."

இந்தத் தீவாளி நோம்பி

பொட்டி கோள் சொல்லத்தான் செஞ்சுது. துரைசாமி அண்ணனுக்கும் துடிப்பு நடுநடுவுல தாறுமாறா ஓடியிருக்குது. இப்ப அவரும் மாத்திரை முழுங்கறாரு. பொகைய இன்னும் முழுசா உடல. உட்டுட்டேம்பாரு, ரெண்டு நாள் ஆளக் காணோம், பாத்தா எதுத்த பக்கத்துல நிப்பாரு. திரும்ப வருவாரு. வர்றப்பெல்லாம் நான் டீ குடுக்கறேன்.

எங்கூட்டுக்காரரு கை அந்தக் கயித்துக்குப் போயி ரொம்ப நாளாச்சு. அதுக்காக நான் நிம்மதியாத் தூங்கினேன்னு நெனைச்சுக்காதீங்க. இது திரும்ப வரலாம், மாத்திரைய நிறுத்தக் கூடாது, ஜாக்கிரதையா இருங்கன்னுதான் டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. இந்த நோம்பி கிட்ட வர வர நான் நாளெண்ணிக்கிட்டே இருந்தேன். மெஷின் ஓடற வரைக்கும் ஒண்ணும் தெரியாது, எல்லாம் நின்னாத்தான தெரியும். போன தடவை அப்படித்தான தெரிஞ்சுது.

எல்லாரும் ஊருக்குப் போயாச்சு. கேட்டெல்லாம் பூட்டியாச்சு. சோறு தின்னுட்டுப் படுத்தவரு எந்திரிச்சாரு. நேராப் பொடக்காளிக்குப் போனாரு. நான் கையில இருந்த தட்டக் கீழ வெக்காம அப்படியே பின்னால போனேன். சொவுத்துல ஒரு கை, நெஞ்சுல ஒரு கை. போன வருசம் நின்ன அதே எடம். அவரே திரும்பி, தட்ட வாங்கிக் கல்லு மேல வெச்சுட்டு, என்ற கையப் புடிச்சு அவர் நெஞ்சுல வெச்சாரு. தப்பு தப்புன்னு ஒரே சீரா, அவசரமே இல்லாம அடிச்சுக்கிட்டிருந்துச்சு. நான் அங்கயே நின்னு அழுதேனுங்க. அவரு என்ற தலைய ஒரு தடவை தட்டிட்டுச் சொன்னாரு: "ஊரே நின்னுபோச்சு புள்ள. இது ஒண்ணுதான் ஓடுது. ஒழுங்கா ஓடுது."

லைட்டர் இல்லாத டீக்கடை எங்கயும் நிக்காதுன்னு சொன்ன ஆளுங்கள்ல பாதிப் பேரு, இப்பவும் அதத்தான் சொல்லிக்கிட்டிருக்காங்க, என்ற கடை பெஞ்சுல உக்காந்து, என்ற டம்ளரக் கையில புடிச்சுக்கிட்டு.